திரும்பிய பக்கத் தையல் தேடித்தந்த ஆர்டர்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 13 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை வாங்கும் பையர்களோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவளாக, வேலை பார்த்துவிட்டு, 2021-இல் '15 வேலம்பாளையம்' என்ற பகுதியில் ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்து, 18 தையல் இயந்திரங்களுடன் என் கணவரும் நானும் சொந்தமாக ஒரு யூனிட் தொடங்கினோம். ஆர்டர் எங்கிருந்து வரும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், "இத்தனை வருஷம் பையர்களோடு பேசினவள் நான், அவர்களே வருவார்கள்" என்று சொல்லியிருப்பேன். அவர்கள் வரவில்லை. காரணமும் எளிதுதான். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் நான் எழுதிய மின்னஞ்சல்கள் அத்தனையும் நிறுவனத்தின் முகவரியிலிருந்து போனவை. வேலையை விட்ட அன்று மாலையே அந்த முகவரி மூடப்பட்டது, அதற்குள் இருந்த பெயர்களும் எண்களும் நிறுவனத்தோடு நின்றுவிட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். என் பெயரில் எனக்கென்று ஓர் அறிமுக வட்டத்தை நான் சேர்த்து வைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. 2016-இல் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, "எல்லாருக்கும் இருக்கு மேடம், உங்களுக்கு மட்டும் இல்லை" என்று சொல்லித் திறந்து கொடுத்தது. அதே ஆண்டில்தான் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தப் பெரிய தொகையில் என் கணக்கின் பங்கு ஒரு பைசாகூடத் தேறாது: 41 தொடர்புகள், புகைப்படம் இல்லை, பெயருக்குக் கீழே "மெர்ச்சண்டைசர்" என்ற ஒரே சொல். ஐந்து ஆண்டுகள் அப்படியே கிடந்ததை 2021-இல் தூசி தட்டி எடுத்தேன்.

எடுத்தவுடன் செய்தவை எல்லாமே தவறு. முதலில் பெயருக்குக் கீழே "நிர்வாக இயக்குநர்" என்று போட்டுக்கொண்டேன். 18 மிஷினுக்கு நிர்வாக இயக்குநர்! பிறகு இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து என்று நாடு நாடாகத் தேடி, பதவிப் பெயரில் "பையர்" என்றோ "சோர்சிங்" (கொள்முதல்) என்றோ இருந்தவர்களுக்கெல்லாம் இணைப்பு அழைப்பு அனுப்பினேன். ஏற்றுக்கொண்ட ஒருவர் இருவருக்கும் உடனே ஒரு நீண்ட செய்தி: நாங்கள் திருப்பூரின் முன்னணி உற்பத்தியாளர்கள், உயர்ந்த தரம், போட்டி விலை, குறித்த நேரத்தில் டெலிவரி. இப்படி இரண்டே வாரம் நடந்தது. அதன் பின் அழைப்பு அனுப்பவே முடியாதபடி தளம் சில நாட்களுக்குத் தடுத்துவிட்டது. வாரத்திற்கு இத்தனை அழைப்புக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு அங்கே உண்டு; அனுப்பிய அழைப்புகளில் பெரும்பகுதி பதிலின்றிக் கிடந்தாலும், "இவரை எனக்குத் தெரியாது" என்று சிலர் அழுத்திவிட்டாலும் கணக்கின் மேல் ஒரு கண் விழுகிறது. நான் பையராக இருந்தால் அந்தச் செய்தியைப் படித்திருப்பேனா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில் நூல் கம்பெனிக்காரர்களும் பட்டன் கம்பெனிக்காரர்களும் எனக்கு அனுப்பிய அதே செய்திதான் அது. ஒன்றையும் நான் முழுதாகப் படித்ததில்லை.

ஆகவே ஜாப் ஒர்க்கில் வண்டி ஓடியது. பெரிய கம்பெனி துணியை வெட்டி அனுப்பும், நாங்கள் தைத்துத் திருப்பிக் கொடுப்போம், பணம் அறுபது நாளில் என்று பேச்சு, தொண்ணூறு நாளில் வரும். 2021-22-இல் நூல் விலை ஏறிக்கொண்டே போன காலத்தில் எங்களுக்கு வேலை கொடுத்தவர்களே தடுமாறினார்கள். அதன் பின் 2022-இன் பிற்பகுதியில் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தபோது துணியின் விளிம்பைச் சேர்த்துத் தைக்கும் எங்கள் ஓவர்லாக் மிஷின்களில் பாதி உறை போட்டபடி நின்றன.

அந்த நேரத்தில்தான் அந்த டி-ஷர்ட் விவகாரம் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஆர்டர் கிடைத்த வழி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நிறுவனத்திற்கு 2,400 டி-ஷர்ட்டுகள் தைத்துக் கொடுத்திருந்தோம். துணி அவர்களுடையது, சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி. தைத்து, அயர்ன் செய்து, மடிக்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. அவர்களுடைய பையர் ஒரு பீஸை எடுத்துத் துவைத்துப் பார்த்தபோது, இடுப்பின் பக்கவாட்டில் நேராக இறங்க வேண்டிய தையல் வயிற்றுப் பக்கம் சாய்ந்து வந்துவிட்டது. 60 சென்டிமீட்டர் நீளத் தையல், அடிமடிப்பில் 7 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. அதாவது ஏறக்குறைய 12 விழுக்காடு. அந்தப் பையர் அனுமதித்தது 5 விழுக்காடு, 3 சென்டிமீட்டர். இதைத் தொழிலில் ஸ்பைராலிட்டி என்பார்கள். நூலில் முறுக்கு அதிகமாக இருந்தால், அந்த முறுக்கு தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும்போது பின்னலின் கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூலை ஊட்டும் ஃபீடர்கள் கூடக்கூட, ஒரே சுற்றில் அத்தனை வரிசைகள் சேர்ந்து ஏறுவதால், அந்தச் சாய்வு இன்னும் அதிகமாகும். ஃபினிஷிங்கில் துணியை இழுத்து நேராக்கி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியாது. முதல் துவையலில் துணி தன் இயல்புக்குத் திரும்பிவிடும். தைத்தவர் கையில் இதற்கு மருந்து கிடையாது. ஆனாலும் 62,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வதாக டெபிட் நோட் எங்கள் பெயருக்குத்தான் வந்தது.

அன்றிரவு கோபத்தில் லிங்க்ட்இன்னில் எழுத உட்கார்ந்தேன். நிறுவனத்தின் பெயர், ஆர்டர் எண், டெபிட் நோட்டின் படம் என்று எல்லாம் சேர்த்து எழுதி முடித்து, என் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பேரை எல்லாம் எடுத்துடு. துணியைப் பத்தி மட்டும் எழுது. நாளைக்கு இவங்ககிட்டயே போய் நிக்க வேண்டியிருக்கும்" என்றார். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பெயரை எடுத்தேன், பணத்தை எடுத்தேன், புலம்பலை எடுத்தேன். மிச்சமிருந்தது ஸ்பைராலிட்டியைப் பற்றிய பதினைந்து வரிகளும் இரண்டு படங்களும். துவைக்காத டி-ஷர்ட் ஒன்று, மூன்று முறை துவைத்த டி-ஷர்ட் ஒன்று, இரண்டிலும் பக்கத் தையல் மேல் ஒரு இஞ்ச் டேப். வெட்டுவதற்கு முன்பே துணியில் சதுரம் வரைந்து துவைத்து அளந்துவிட்டால் இந்த நஷ்டம் யாருக்குமே வராது என்று சொல்லி, அந்தச் சதுரத்தை எப்படி வரைவது, எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் எழுதினேன். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம், அலங்காரம் எல்லாம் வராது. அதுவே அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

காலையில் பார்த்தால் நாற்பதுக்கும் மேல் கருத்துகள். டாக்காவில் இருக்கும் ஒரு தர மேலாளர், தாங்கள் நூலின் முறுக்கை எந்த அளவுக்குள் வைக்கிறோம் என்று எழுதியிருந்தார். சோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஒருவர், ஒரு ஃபீடருக்கு இடமுறுக்கு நூலும் அடுத்ததற்கு வலமுறுக்கு நூலுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் சாய்வு ஒன்றையொன்று அடித்துவிடும், ஆனால் செலவு கூடும் என்றார். நான் ஒரு வருடமாக நீட்டி நீட்டி எழுதிய சுயவிளம்பரத்துக்குக் கிடைக்காத மரியாதை ஒரு கெட்டுப்போன டி-ஷர்ட்டுக்குக் கிடைத்தது.

ஆனால் ஆர்டர் வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பதிவு பரவியவுடன் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று சொல்லிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் வாங்குகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். கருத்து எழுதிய நாற்பது பேரில் இன்றுவரை ஒருவர்கூட எனக்கு ஒரு பீஸ் ஆர்டர் கொடுத்ததில்லை.

கொடுத்தவர் அந்தப் பதிவுக்கு ஒரு விருப்பக்குறிகூட இடாதவர். 2012-இல் என் பழைய நிறுவனத்தில் பத்து மாதம் மட்டும் குவாலிட்டி செக்கராக இருந்துவிட்டுப் போன தம்பி. அவர் வேலையை விட்ட பின் நாங்கள் பேசியதே இல்லை. பதிவு எழுதி எட்டு மாதம் கழித்து ஒரு செய்தி: "அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க பதிவெல்லாம் படிச்சுட்டுத்தானுங்க இருக்கேன். நான் இப்ப நெதர்லாந்துல ஒரு சோர்சிங் ஆபீஸ்ல இருக்கேன். எங்களுக்குச் சின்ன அளவுல குழந்தைத் துணி தைக்கிற ஆள் வேணும். துவைச்சுப் பார்த்துட்டு வெட்டுற ஆளா வேணும்." முதல் ஆர்டர் 600 ரோம்பர் (மேலும் கீழும் ஒன்றாக இணைந்த குழந்தை உடுப்பு), மூன்று நிறம், இன்டர்லாக் என்ற பின்னல் துணி. பெரிய கம்பெனிகள் அந்த அளவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்களுக்கு அது பொங்கல்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதிவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதோ பழகிய, அரைகுறை அறிமுகமுள்ளவர்கள் வழியாகவே புதிய வேலைச் செய்திகள் அதிகம் வருகின்றன என்பது அவருடைய வாதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் இருப்பவர்தான் நாம் அறியாத இடத்தில் நிற்கிறார். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்துப் பார்த்தது. "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று தளம் காட்டும் பரிந்துரைகளை ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேருக்கு வெவ்வேறு விதமாக மாற்றிக் காட்டி, யார் வழியாக வேலை கிடைக்கிறது என்று கவனித்தார்கள். மிக நெருங்கியவர்களும் அல்ல, முற்றிலும் அந்நியரும் அல்ல. ஓரளவே பழகியவர்களே அதிகம் உதவினார்கள் என்று முடிவு வந்தது. அந்த ஆய்வு பேசியது வேலை மாற்றத்தைப் பற்றி, ஆர்டரைப் பற்றி அல்ல. ஆனால் என் பத்து மாதத் தம்பியை வைத்துப் பார்த்தால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இது தெரிந்த பிறகு நான் அழைப்பு அனுப்பும் முறையை அப்படியே தலைகீழாக்கினேன். அந்நிய பையர்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு, என் பழைய நிறுவனத்தின் பெயரைத் தேடலில் இட்டு, "முன்பு வேலை செய்தவர்கள்" என்று வடிகட்டிப் பார்த்தேன். டாக்காவில் ஒருவர், அடிஸ் அபாபாவில் ஒருவர், துபாயில் மூன்று பேர், லெஸ்டரில் ஒருவர், பெங்களூரில் ஏராளமான பேர். நான் டீ வாங்கிக் கொடுத்த பையன்கள் இன்று ஆர்டரை முடிவு செய்யும் நாற்காலிகளில் இருக்கிறார்கள். இலவசக் கணக்கில் மாதத்திற்குச் சில அழைப்புகளுக்கு மட்டுமே தனிக்குறிப்பு சேர்க்க முடியும். அந்தச் சிலவற்றை இவர்களுக்காகவே வைத்துக்கொண்டேன். குறிப்பில் வேலை கேட்பதில்லை. "2014-இல் அந்த நீல நிற ஷிப்மென்ட்டுக்கு இரவு முழுக்கச் செக்கிங் செய்தோமே, நினைவிருக்கிறதா? இப்போது நான் சொந்தமாகக் குழந்தை ஆடை தைக்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்த்ததில் சந்தோஷம்." இவ்வளவுதான். இப்படி எழுதியவற்றில் பதில் வராதவை மிகக் குறைவு.

முகப்புப் பக்கத்தையும் திருத்தினேன். பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. அதில் "நிர்வாக இயக்குநர்" போய், "0 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கான பின்னலாடை, திருப்பூர்; ஒரு நிறத்துக்கு 200 பீஸிலிருந்து; இன்டர்லாக், ரிப், சிங்கிள் ஜெர்சி" என்பது ஆங்கிலத்தில் வந்தது. தேடுகிறவர் தட்டும் சொல் அந்த வரியில் இருந்தால்தான் நம் பெயர் மேலே வரும். "ஆர்வமிக்க தலைவர்" என்று யாரும் தேடுவதில்லை. அறிமுகப் பகுதியில் எங்களால் என்ன முடியாது என்பதையும் எழுதினேன்: சாயமிடுதல் எங்களிடம் இல்லை, பிரிண்டிங் வெளியில்தான், மாதம் 12,000 பீஸுக்கு மேல் எடுக்க மாட்டோம். என் மைத்துனர் இதைப் படித்துவிட்டு, "வர்ற ஆளையும் நீங்களே தொரத்தி விடுறீங்களே அண்ணி" என்றார். உண்மையில் நடந்தது வேறு. 50,000 பீஸுக்கு விலை கேட்டுப் பிறகு காணாமல் போகும் விசாரணைகள் நின்றுபோய், எங்கள் அளவுக்குப் பொருந்துகிறவர்கள் மட்டும் கேட்கத் தொடங்கினார்கள்.

எழுதுவதற்கு விஷயம் எங்கே கிடைக்கும் என்று சக யூனிட்காரர்கள் கேட்பதுண்டு. செக்கிங் டேபிளில் தினமும் கிடக்கிறது. குழந்தை ரோம்பரில் வைக்கும் ஸ்நாப் பட்டன் 90 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்று பல பையர்கள் கேட்பார்கள். மெல்லிய துணியில் உள்ளே ஒட்டுத்துணி வைக்காமல் அடித்தால் பட்டன் நிற்கும், துணி கிழிந்து வரும். ஐரோப்பியத் தர விதி இஎன் 14682-இன்படி 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடையில் தொப்பியிலும் கழுத்திலும் இழுக்கயிறு வைக்கவே கூடாது. இது தெரியாமல் அழகுக்காக ஒரு கயிற்றைக் கோத்து சாம்பிள் அனுப்பி ஆர்டரை இழந்தவர்கள் உண்டு. ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டிய வட்டம் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் என்பதால் அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அதாவது ஜிஎஸ்எம், வந்துவிடும். ஆனால் துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் காம்பாக்டிங்கிலிருந்து வந்த சூட்டோடு வெட்டினால் ஒரு கணக்கு, இரவு முழுக்க விரித்து வைத்து வெட்டினால் இன்னொரு கணக்கு. இப்படி ஒன்றை எடுத்து, ஒரு படத்துடன், பத்துப் பன்னிரண்டு வரிக்குள் எழுதுவேன். முதல் இரண்டு வரிக்குள் விஷயம் வந்துவிட வேண்டும், ஏனென்றால் மிச்சத்தைத் தளம் மறைத்துவிடும்; "மேலும்" என்பதை அழுத்தப் படிப்பவருக்கு ஒரு காரணம் வேண்டும்.

படம் என்றதும் என் பெரிய தவறு நினைவுக்கு வருகிறது. 2023-இல் ஒரு நாள் புதிய ஃபிளாட்லாக் மிஷின் வந்த மகிழ்ச்சியில் படம் எடுத்துப் போட்டேன். மிஷினுக்குப் பின்னால் டேபிளில் அடுக்கி வைத்திருந்த பீஸ்களின் கழுத்தில் பையரின் லேபிள் தெளிவாகத் தெரிந்தது. ஜாப் ஒர்க் கொடுத்த நிறுவனம் அந்த வேலையை வெளியே கொடுத்ததைப் பையரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மதியத்துக்குள் போன் வந்தது. படத்தை உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அந்த நிறுவனத்தின் வேலை அதோடு நின்றது. அவர்கள் மறைத்தது அவர்கள் பாடு. ஒரு பையரின் லேபிளை அவர் அனுமதியின்றி ஊருக்குக் காட்டியது என் தவறு. அன்றிலிருந்து படம் எடுக்கும் மூலைக்கு என்றே ஒரு வெள்ளைத் துணி மாட்டியிருக்கிறேன். லேபிள், ஹேங்டேக், டெக்பேக் என்ற ஆடை விவரத் தாள், அட்டைப்பெட்டியின் ஷிப்பிங் மார்க் எதுவும் சட்டகத்துக்குள் வராது. தையல்காரர்களின் முகம் வருவதாக இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான். "என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாருங்க" என்று ஒரு பெண் சொன்ன பிறகு, கேட்காமல் எடுப்பது எவ்வளவு தவறு என்று புரிந்தது.

பதிவைவிடக் கருத்துப் பெட்டியே எனக்கு அதிகம் பயன்பட்டது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நான் எழுதுவதைப் படிப்பவர்கள் சில நூறு பேர். ஆனால் ஐரோப்பியக் குழந்தை ஆடை பிராண்டில் தொழில்நுட்ப அலுவலராக இருக்கும் ஒருவர் தன் பதிவில் ஒரு சிக்கலைச் சொல்லும்போது, அதற்குக் கீழே உருப்படியாக நான்கு வரி எழுதினால், அவரும் அவரைப் பின்தொடரும் அதே துறையினரும் படிக்கிறார்கள். என் இரண்டாவது வாடிக்கையாளர், இங்கிலாந்தில் இணையத்தில் மட்டும் விற்கும் ஒரு சிறு பிராண்ட், அப்படித்தான் வந்தார்: ரிப் துணிக் கழுத்து துவைத்தபின் அலை அலையாக நெளிவது ஏன் என்று வேறொருவர் கேட்டிருந்தார், கழுத்துப் பட்டியை எத்தனை விழுக்காடு குறைத்து வெட்ட வேண்டும் என்று நான் எழுதிய பதிலை அவர் படித்திருக்கிறார். "அருமையான பதிவு", "வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வருவது மாதிரி. யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள், நினைவிலும் வைத்திருக்க மாட்டார்கள்.

பெண்ணாக இதில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தளம் என்று பெயர்தான், இரவு பதினொரு மணிக்கு "ஹாய் டியர்" என்று வரும் செய்திகளுக்குக் குறைவில்லை. தொடக்கத்தில், ஒருவேளை பையராக இருப்பாரோ என்ற ஆசையில் சிலருக்குப் பதில் எழுதி, பிறகு வருந்தியிருக்கிறேன். இப்போது ஒரே விதி: முதல் இரண்டு செய்திக்குள் துணி, அளவு, எண்ணிக்கை, தேதி என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச்சு வராவிட்டால் பதில் கிடையாது, படத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பேச்சு வந்தால் அந்த நிமிடமே முடக்கம். வாட்ஸ்அப் எண் கேட்டால் யூனிட்டின் எண்ணைத்தான் கொடுப்பேன், அதை என் கணவரும் பார்ப்பார்.

மோசடி வேறு வகை. 2024 தொடக்கத்தில் லண்டனிலிருந்து என்று ஒருவர் தொடர்பு கொண்டார். அழகான முகப்பு, 500-க்கு மேல் தொடர்புகள், 8,000 பீஸ் ஆர்டர், விலையில் பேரமே இல்லை. பேரம் பேசாத பையரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பதே முதல் மணி அடித்திருக்க வேண்டும். விலை ஒத்துக்கொண்ட பிறகு, "வெண்டர் பதிவுக் கட்டணம்" என்று ஒரு தொகையை முன்னதாகக் கட்டச் சொன்னார். அதற்கு முந்தைய நாள்தான் நெதர்லாந்துத் தம்பி ஒரு வழி சொல்லியிருந்தார்: பிரிட்டனில் பதிவான நிறுவனங்களின் விவரத்தைக் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், "பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கக்கா, எப்ப தொடங்கினாங்கன்னு தெரிஞ்சுடும்." தேடினேன். நிறுவனம் பதிவாகி ஏழே வாரம் ஆகியிருந்தது. இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டவருடைய நிறுவனம் அது. ஜெர்மானிய நிறுவனமாக இருந்தால் அதன் இணையதளத்தில் இம்ப்ரெஸ்ஸும் என்ற பக்கத்தில் முகவரியும் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சை வளர்ப்பதில்லை. மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் சொந்தப் பெயரில் இருக்கிறதா, ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்பதையும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். பணம் கட்டும் வங்கிக் கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால், செய்தியில் உள்ள எண்ணுக்கு அல்ல, எங்களிடம் பழைய கோப்பில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்போம்.

இந்தத் தளத்தால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. ஓவர்லாக் டெய்லர் வேண்டுமென்றால் லிங்க்ட்இன்னில் எழுதிப் பயனில்லை. பேக்கரிச் சுவரில் "டெய்லர் தேவை" என்று ஒட்டும் நோட்டீசும், ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தையல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவும்தான் ஆள் கொடுக்கும். விலை பேசி முடிப்பதற்கும் அது இடமல்ல. சாம்பிளைத் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பையரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆகவே கூரியர் செலவும் ஐகேஎஃப் என்ற பின்னலாடைக் கண்காட்சி அலைச்சலும் அப்படியே இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. நானே பழக்கிவிட்ட என் மெர்ச்சண்டைசர் பெண், நான் சொல்லிக் கொடுத்தபடியே முகப்பைத் திருத்தி, ஆறே மாதத்தில் பெங்களூரில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போய்விட்டாள். வாழ்த்துச் சொல்லிக் கருத்து எழுதினேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி என்று ஆனபோது, அமெரிக்க ஆர்டரை நம்பி இருந்த கம்பெனிகள் எங்களுக்குக் கொடுத்துவந்த ஜாப் ஒர்க் ஒரே வாரத்தில் வற்றியது. 2022-இல் அப்படி நடந்தபோது மிஷினுக்கு உறை போட்டோம். இந்த முறை போடவில்லை. நெதர்லாந்தும் இங்கிலாந்தும் கொடுத்த சிறு ஆர்டர்கள் மிஷின்களில் பாதிக்கு மேல் ஓட வைத்தன, மீதியை ஓட்ட ஆறு பழைய சகாக்களுக்குச் செய்தி அனுப்பினேன், இருவர் வேலை கொடுத்தார்கள். லாபம் என்று பெரிதாக இல்லை. சம்பளம் சனிக்கிழமை தவறாமல் போனது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலை டீக்குப் பிறகு அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் உட்கார்ந்தால் அடுத்தவர் வெற்றிகளைப் படித்து மனம் சோர்வதுதான் மிச்சம். பதிலின்றிக் கிடக்கும் பழைய அழைப்புகளை மாதம் ஒருமுறை திரும்பப் பெற்றுவிடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைப்புகள் பகுதிக்குப் போய் என் தொடர்புகளின் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு முறை மூடிய மின்னஞ்சலோடு எல்லாப் பெயர்களையும் இழந்தவள் நான். அதில் பெயருக்குப் பக்கத்தில் நானாக மூன்று பத்திகள் சேர்த்திருக்கிறேன்: எங்கே பழக்கம், எந்த ஆண்டு, கடைசியாகப் பேசியது எப்போது. போன வெள்ளிக்கிழமை பார்த்தபோது, 2012-க்கும் 2015-க்கும் இடையில் என்னோடு ஒரே ஹாலில் வேலை செய்தவர்களில் பதினொரு பேருக்கு நேராகக் கடைசிப் பத்தி காலியாக இருந்தது. நான்கு பேருக்கு எழுதிவிட்டேன். மிச்சம் ஏழு பேர் அடுத்த செவ்வாய்க்கு.